அப்பாவின் தறியை நிறுத்தச் சொல்லலாமா? (காஞ்சிபுரம்)

குழித்தறி மகன் எழுதியது:

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. முன்கூடத்தில் தாத்தா போட்ட குழித்தறி, தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. அப்பா நாற்பது ஆண்டுகளாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு 58, அம்மாவுக்கு 52. எனக்கு 27 வயது. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தங்கைக்கு 24. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு விடுதியில் தங்கியிருக்கிறாள்.

அப்பா நெய்வது கோர்வைச் சேலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு இழையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதனால் நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) மூன்று. நெய்பவர் ஒருவர் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். ஏழு வயதிலிருந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது நான். பள்ளிக்குப் போகும் முன் ஒன்றரை மணி நேரம், சனி ஞாயிறு முழுநாள். நான் பாலிடெக்னிக் போன பிறகு அம்மா அந்த இடத்துக்கு வந்தார்.

ஒரு சேலைக்குக் கூலி 8,000 ரூபாய். இருவருமாகப் பதினைந்து நாள் உழைப்பு. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 270 ரூபாய்கூட வரவில்லை. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறிவிடும், பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல்) ஈரம் வாங்கிவிடும், பத்து நாள் இருபது நாள் வேலையே இருக்காது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் 60,000 அப்படியே நிற்கிறது. அப்பாவுக்கு முழங்காலும் இடுப்பும் போய்விட்டன. அம்மாவுக்குக் கண்.

நான் சம்பளத்தை முழுவதும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். தங்கை பாதிதான் அனுப்புகிறாள். அதில் அப்பாவுக்கு மனத்தாங்கல். சென்ற மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "வீட்டில் தறி இருக்கிறதா? மருமகள் தார் சுற்ற வேண்டியிருக்குமா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டார்கள். தார் என்பது நாடாவுக்குள் போடும் நூல் சுற்றிய குச்சி. அப்பா எதுவும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார்.

தறியை நிறுத்திவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல நினைக்கிறேன். சொன்னால் அது அவருக்கு எப்படிக் கேட்கும் என்று தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சென்னிமலை எழுதியது:

சொல்லுங்கள் தம்பி, தள்ளிப்போடாதீர்கள். எங்கள் ஊரில் போர்வையும் ஜமுக்காளமும் நெய்த வீடுகளில் பாதிக்குமேல் இப்போது விசைத்தறிக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டன. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20), நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகச் சொல்கிறது. அந்த வருமானத்தில் உடம்பை இழக்க வேண்டுமா?

---

பாவுக்காரர் எழுதியது:

எனக்கு 66 வயது. நானும் அதே ஊர், இரண்டு தெரு தள்ளி. உன் அப்பாவை எனக்குத் தெரிந்திருக்கவும் கூடும். அதனால் ஒரு பெரியப்பா சொல்வதாக எடுத்துக்கொள்.

270 ரூபாய் என்று கணக்குப் போட்டாயே, அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அந்த வீட்டில் பணம் எப்படி ஓடியது என்பதையும் சேர்த்துப் பார். விடியற்காலையில் தெருவில் பாவு விரிப்போம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூல். கஞ்சி போட்டு, இழை பிரித்து, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டு ஆள் வருவான். அவன் பாவுக்கு நாம் போவோம். கூலி கிடையாது. அண்ணன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தம்பி சேலைக் கூலியிலிருந்து எடுத்துக்கொடுப்பான். அண்ணி கையில் ஒரு பெட்டி, அதில்தான் எல்லாருடைய பணமும். எது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. என் இரண்டு தங்கைகளின் கல்யாணமும் அந்தப் பெட்டியிலிருந்துதான் நடந்தது.

இப்போது ஆளுக்கொரு வங்கிக் கணக்கு, ஆளுக்கொரு கைப்பேசி. என் மகன் தன் சம்பளம் எவ்வளவு என்று இதுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. மாதம் பிறந்தால் என் கணக்கில் 6,000 ரூபாய் போட்டுவிட்டுத் தகவல் அனுப்புகிறான். குறை சொல்லவில்லை, ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், கூலி வாங்கிய மாதிரி இருக்கிறது.

உன் அப்பா தறியை விடாமல் இருப்பது 270 ரூபாய்க்காக இல்லை. தறியில் உட்கார்ந்திருக்கும் வரை அவர் அந்த வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவர். எழுந்துவிட்டால் வாங்கிக்கொள்கிறவர். இதை மனத்தில் வைத்துப் பேசு.

---

ஓரிக்கை மருமகள் எழுதியது:

பாவுக்காரர் ஐயா, உங்கள் மேல் மரியாதை வைத்தே எழுதுகிறேன். "எது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை" என்றீர்கள். கேட்கும் இடத்தில் பெண்கள் இருந்ததில்லை என்பதுதான் நான் பார்த்தது.

நான் இந்தக் குடும்பத்துக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. என் மாமியார் பன்னிரண்டு வயதில் ராட்டை பிடித்தவர். பட்டு இழைப்பது, தார் சுற்றுவது, பாவு பிணைக்கும்போது ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் முனையோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது என எல்லாம் செய்திருக்கிறார். அந்தப் பிணைப்பு வேலையை அருகில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, மூச்சுவிட்டால் இழை அலையும் என்பது போல உட்கார்ந்திருப்பார். அவர் கட்டைவிரல் ரேகை தேய்ந்து போயிருக்கிறது. ரேஷன் கடை இயந்திரம் அவர் கையை ஏற்பதில்லை, கருவிழியைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறோம். கூலிச்சீட்டில் என்றைக்கும் மாமனார் பெயர் மட்டும்தான்.

2023 செப்டம்பர் 15 அன்று இதே காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். மாதம் 1,000 ரூபாய். அதற்காகத்தான் மாமியார் பெயரில் முதன்முதலாக வங்கிக் கணக்கு தொடங்கினோம். அவருக்கு அப்போது 61 வயது. முதல் மாதப் பணத்தை எடுக்க நானே அழைத்துப் போனேன். நோட்டுகளை வாங்கி, எண்ணாமல், "இதை யாரிடம் கொடுக்க வேண்டும்?" என்று என்னைக் கேட்டார். ஐயா, உங்கள் பெட்டியின் கதை எங்கள் வீட்டில் இப்படித்தான் முடிந்தது.

தம்பி, உங்கள் பதிவில் எல்லாம் அப்பாவைப் பற்றியே இருக்கிறது. நீங்கள் எழுந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தார் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தறியை நிறுத்துவதா வேண்டாமா என்று அவரிடம் கேட்டீர்களா?

---

குழித்தறி மகன் எழுதியது:

அக்கா, கேட்கவில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் கேட்கவில்லை என்பதே உறைத்தது. இன்று இரவுப் பணி. நாளை கேட்கிறேன்.

---

விடுதி அறை எழுதியது:

நான் இந்தத் தம்பியின் தங்கை இடத்தில் இருக்கிறவள். செய்யாறு பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு அரை ஏக்கர் மானாவாரி நிலம். நானும் தொழிற்சாலை விடுதியில்தான் இருக்கிறேன். பாதிச் சம்பளம் அனுப்புவது சுயநலம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று எழுதுவதற்காகவே இந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் முழுச் சம்பளத்தையும் அனுப்பினேன். அந்தப் பணத்தில் வீட்டுக்குக் கூரை மாறியது, அண்ணன் வண்டி வாங்கினான், மிச்சத்தில் என் கல்யாணத்துக்கு என்று நகைச் சீட்டுப் போட்டார்கள். பிறகு அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. சீட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். அன்றைக்கு என் கையில் 300 ரூபாய்தான் இருந்தது. சக தொழிலாளி ஒருத்தியிடம் கடன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். நான்தான் வீட்டில் அதிகம் சம்பாதிக்கிறவள், ஆனால் அவசரத்துக்கு என்னிடம் காசில்லை.

அதற்குப் பிறகுதான் பாதியை நிறுத்தி வைக்கத் தொடங்கினேன். மாதம் 2,000 தபால் அலுவலகத் தொடர்வைப்பில் போகிறது, 1,500 பரஸ்பர நிதியில் போகிறது. இப்போது வீட்டுக்கு ஏதாவது என்றால் உடனே கொடுக்க முடிகிறது. போன ஆண்டு அப்பாவின் கண் அறுவைக்கு நான்தான் கட்டினேன். முழுவதும் அனுப்பிக்கொண்டிருந்தால் கட்டியிருக்க முடியாது.

இன்னொன்று. எங்கள் வேலை நிரந்தரம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள். என் விடுதிக் காப்பாளர் அக்கா அதில் வேலை செய்தவர். "அன்றைக்குக் கையில் சேமிப்பு இருந்தவள் படிக்கப் போனாள், இல்லாதவளுக்கு அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம்" என்று சொல்வார். அண்ணா, உங்கள் தங்கை எதற்காகப் பாதியை வைத்துக்கொள்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்களா?

---

வரவுசெலவு எழுதியது:

கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உணர்ச்சி சார்ந்ததை மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த சில நடைமுறை விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில், தறியை இன்றைக்கே பிரித்துவிடாதீர்கள். அப்பா கூட்டுறவுச் சங்க உறுப்பினரா அல்லது தனியார் முதலாளிக்கு நெய்கிறாரா என்று பாருங்கள். சங்க உறுப்பினர்களுக்குச் சேமிப்பு, முதியோர் ஓய்வூதியம் போன்ற திட்டங்கள் உண்டு. உறுப்பினர் நிலை விட்டுப் போயிருந்தால் கைத்தறித் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். நெசவாளர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் என்று 2023-இல் உயர்த்தினார்கள். தறி இருக்கும் வரைதான் அந்தச் சலுகை. இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

உங்களுக்கும் தங்கைக்கும்: ஒவ்வொரு முறை கம்பெனி மாறும்போதும் வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடும் பழக்கம் இளைஞர்களிடம் நிறைய இருக்கிறது. எடுக்காதீர்கள், புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத் தகுதிக்குப் பத்து ஆண்டு பணிக்காலம் வேண்டும். உங்கள் அப்பா நாற்பது ஆண்டு உழைத்தும் அவர் பெயரில் இப்படி ஒரு பைசா இல்லை. உங்கள் தலைமுறைக்குக் கிடைத்ததில் பெரியது இதுதான். அதைக் கைப்பேசி வாங்குவதற்காகக் கரைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வீடு யார் பெயரில் இருக்கிறது? தாத்தா கட்டிய வீடு என்றால் பேசிவைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவளுக்குப் பங்கில்லை என்று இன்னமும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 1989-இலேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வந்துவிட்டது. அன்றைக்கு மணமாகியிருந்த பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்துவிட்டது. அப்பா தானே சம்பாதித்த சொத்து என்றால் அவர் விருப்பப்படி உயில் எழுதலாம். உயில் இல்லாவிட்டால் அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு.

பெற்றோர் வீட்டை மகன் பெயருக்குத் தானமாக எழுதிவிட்டுப் பிறகு தவிப்பதை வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது பார்க்கிறேன். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, பிள்ளைகள் பார்க்கவில்லை என்றால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பதுதான் பாதுகாப்பு. நீங்கள் நல்ல பிள்ளை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் அப்பா அம்மா உயிரோடு இருக்கும் வரை வீடு அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

---

ஓரிக்கை மருமகள் எழுதியது:

வரவுசெலவு அண்ணனுக்கு ஒரு கேள்வி. அந்தப் பராமரிப்புச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளும் கடமை யாருக்கு?

---

வரவுசெலவு எழுதியது:

மகன், மகள், வயதுவந்த பேரன் பேத்திகளுக்கு. மகளுக்கும் மகனுக்கும் சம கடமை. மருமகளை அந்தப் பட்டியலில் சட்டம் சேர்க்கவில்லை.

---

ஓரிக்கை மருமகள் எழுதியது:

அப்படியென்றால் சட்டத்தில் இல்லாத ஒருத்திதான் எல்லா வீட்டிலும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். மாமனார் படுத்த படுக்கையாக இருந்த பதினான்கு மாதங்களில் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தது, துடைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் நான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, அவர் என்னை மகளாகவே வைத்திருந்தார். ஆனால் அதற்காகத் தையல் கூடத்து வேலையை விட்டேன். திரும்பப் போனபோது என் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். "பார்த்துக்கொள்கிறோம்" என்று மகன் சொல்லும்போது அந்த "றோம்" யார் யார் என்று வீட்டில் முன்பே பேசிவிடுவது நல்லது. பெண் வீட்டார் "தார் சுற்ற வேண்டுமா?" என்று கேட்டதில் தவறே இல்லை தம்பி. அவர்கள் தங்கள் மகளுடைய நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பாவை அவமதிக்கக் கேட்கவில்லை.

---

தறி விற்றவன் எழுதியது:

பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், அப்பா உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில் தறியைப் பிரித்து, மரத்தை விற்று, குழியை மூடி, டைல்ஸ் போட்டுவிட்டேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றே முழுமனதோடு நம்பினேன். வந்தவர் வாசலில் நின்று பார்த்தார். திட்டவில்லை. உள்ளே வந்து, குழி இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். இன்றைக்கும் அந்த இடத்தில் கால் வைப்பதில்லை, சுவரோரமாகத்தான் நடக்கிறார்.

அவர் வேலையை நிறுத்தியது சரி. முதுகு வலி குறைந்தது, மருந்துச் செலவு பாதியாகிவிட்டது. நான் அவரைக் கேட்காமல் செய்ததுதான் இன்னும் ஆறவில்லை. நாளும் நேரமும் அவரே குறிக்கட்டும்.

---

பாவுக்காரர் எழுதியது:

மருமகள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணி கையில் பெட்டி இருந்தது என்று எழுதினேன். சாவி அண்ணன் இடுப்பில் இருந்தது. எழுதும்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

என் மனைவியிடம் கேட்டேன்: நாற்பது ஆண்டு தார் சுற்றினாயே, உனக்கென்று ஏதாவது வாங்க ஆசைப்பட்டதுண்டா? கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "நாம் நெய்ததில் ஒரு சேலை." எங்கள் கல்யாணத்துக்கே அவள் கட்டியது பருத்தி. பிறகும் அவளுக்கென்று ஒன்று நெய்யவில்லை. பட்டும் சரிகையும் முதலாளியுடையது, எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்குவார்கள். நினைத்திருந்தால் கடன் வாங்கியாவது ஒன்று நெய்திருக்கலாம். நினைக்கவில்லை.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். பாவுக்கு நாலு வீட்டு ஆள் வந்தது உண்மை. அது போய்விட்டது. என் மகன் குடியிருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர் அவனுக்குத் தெரியாது. அந்த இழப்பையும் யாராவது கணக்கில் எழுதுங்கள்.

---

விடுதி அறை எழுதியது:

ஐயா, எங்கள் அறையில் ஆறு பேர். ஆறு ஊர். ஒருத்திக்கு இரவுப் பணி என்றால் இன்னொருத்தி அவளுக்குச் சாப்பாடு வாங்கி மூடி வைப்பாள். ஒவ்வொரு மாதமும் ஆளுக்கு 1,000 போட்டு, யாருக்கு அவசரமோ அவளுக்கு ஆறாயிரமும் முதலில் கொடுக்கிறோம். ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது. உங்கள் பாவுக்கு வந்த நாலு வீடு மாதிரிதான். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

---

குழித்தறி மகன் எழுதியது:

தாமதத்துக்கு மன்னியுங்கள். பொங்கலுக்குத் தங்கை வந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தேன்.

அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "கோர்வைக்கு உட்கார முடியவில்லை, கண் நீர் வழிகிறது. ஆனால் நான் எழுந்தால் அவருக்கு வேலை நின்றுவிடும். அதனால் சொல்லவில்லை" என்றார். மூன்று ஆண்டுகளாக இப்படி இருந்திருக்கிறார். ஒரே வீட்டில்தான் இருக்கிறேன்.

தங்கை எதற்குப் பாதியை வைத்துக்கொள்கிறாள் என்றும் கேட்டேன். கைப்பேசியில் கணக்கை எடுத்துக் காட்டினாள். 74,000 ரூபாய். அப்பாவின் முன்பணத்தை அடைக்கத்தான் சேர்த்தேன், 60,000 தாண்டியதும் சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு சொன்னால் அப்பா வாங்க மாட்டாரோ என்று பயம் வந்துவிட்டது என்றாள். நான் அவளைப் பற்றி இங்கே எழுதிய வரியை இப்போது அழிக்க முடியாது, இருக்கட்டும்.

அப்பாவிடம் மூவருமாக உட்கார்ந்து சொன்னோம். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அம்மாவால் கோர்வைக்கு உட்கார முடியாது என்பதை அம்மாவே சொன்னார். அப்பா வெகுநேரம் தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தறியில் ஏறியிருக்கும் பாவில் இன்னும் இரண்டு சேலை இருக்கிறது, அதை முடித்துவிடுகிறேன் என்றார். முன்பணத்துக்குத் தங்கையிடம் பாதிதான் வாங்கிக்கொள்வாராம். மீதி அந்த இரண்டு சேலைக் கூலியிலும் என் சம்பளத்திலும் கழிய வேண்டும். அவர் சொன்னபடியே விட்டுவிட்டோம். அம்மா பெயரில் கணக்குத் தொடங்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இனி என் சம்பளத்தில் ஒரு பங்கு அதில் போகும்.

சங்கத்து உறுப்பினர் நிலை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே விட்டுப்போயிருக்கிறது. விசாரிக்கிறேன்.

கோர்வைக்கு ஆள் வேண்டுமே. என் ஓய்வு நாளில் நான் உட்காருகிறேன் என்றேன். நேற்று உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஆண்டு ஆகிவிட்டது, கை மறந்திருக்கும் என்று நினைத்தேன். முதல் பத்து இழை தடுமாறியது, பிறகு வந்துவிட்டது. அப்பா ஒரு முறை மட்டும் கையை நிறுத்தி, "கரையை இழுத்துப் பிடி, சுருங்குகிறது" என்றார்.

ஒரு சந்தேகம். சேலையில் வடிவத்தை எழுப்பும் ஜக்கார்டு பெட்டியில் தாத்தா காலத்து மயில் புட்டா அட்டைகள், அதாவது மயில் வடிவத்துக்காகத் துளையிட்ட அட்டைகள், ஒரு கட்டு இருக்கின்றன. ஓரமெல்லாம் மழையில் ஊறி மடங்கியிருக்கிறது. தறி நின்றாலும் அதை வைத்துக்கொள்ள நினைக்கிறேன். எப்படிப் பாதுகாப்பது?

---

பாவுக்காரர் எழுதியது:

வெயிலில் போடாதே, சுருண்டுவிடும். நிழலில் விரித்து, மேலே பலகை வைத்து மூன்று நாள் விடு. கட்டின வரிசை மாறாமல் எண் எழுதிவிட்டுப் பிரி. கோத்த கயிறு இற்றுப்போயிருந்தால் நான் வந்து கோத்துத் தருகிறேன். எந்தத் தெரு என்று தனிச்செய்தியில் சொல்.